கை போகாத இடம்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் கொதிப்பு. பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. டயர் கடைக்காரரும் பெட்டிக்கடைக்காரரும் முகத்துக்கு நேரே "என்னக்கா" என்பார்கள். அவள் நாலு எட்டு தள்ளிப் போனதும் "கொதிப்பு கிளம்பிடுச்சு" என்பார்கள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கோபக்காரி என்பதால் வந்த பெயர் என்றுதான் புதிதாகக் கேட்பவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. பெயர் முதலில் வந்தது, கோபம் பின்னால் வந்தது. ஒரு கார் எஞ்சின் கொதித்த விவகாரத்தில் அந்தப் பெயரை அவள் தலையில் கட்டியவர் வேறு யாரும் இல்லை, கூடப்பிறந்த அக்காவின் புருஷன். தெருமுனையில் பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாரே, அந்த அத்தான்தான்.

அந்த அத்தான் ஒருநாள் மத்தியானம் அவளுடைய ஷெட்டுக்கு வந்து நின்றார். தெருவழியாக வராமல் பின்பக்கச் சந்தில் சுற்றிக்கொண்டு, ஒரு பழைய பச்சைக் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். காரைப் பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் டீச்சருடைய கார். கொதித்த அதே கார்.

"என்னம்மா, நல்லா இருக்கியா?" என்றார், நேற்றுதான் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டவர் போல. வருஷக்கணக்காக அவள் எதிரே வந்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிற மனிதர்.

"விஷயத்தைச் சொல்லுங்க அத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. எது உடைந்தாலும் அவருக்குச் செம்புக் கம்பிதான் வைத்தியம். சைலன்சர் தொங்கினால் கம்பி, கதவுப் பிடி ஆடினால் கம்பி, கண்ணாடிக்கும் கம்பி. கட்டி முறுக்கி, வாலைச் சின்ன வளையமாகச் சுருட்டிவிடுவார். அது அவருடைய கையெழுத்து மாதிரி. தெருவில் அவரையும் சும்மா விடவில்லை, கம்பி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவருக்கு ஒர்க்‌ஷாப் இருந்ததால் மெதுவாகச் சொல்வார்கள்.

"டெம்பரேச்சர் முள்ளு ஆட்டம் காட்டுது. திடீர்னு ஏறுது, திடீர்னு படுத்துக்குது. சென்சார் போயிடுச்சு. புதுசு வாங்கிட்டேன். நீ கொஞ்சம் கைய விட்டு மாட்டிக் கொடுத்தா..."

"அவ்வளவு பெரிய ஒர்க்‌ஷாப்ல கைக்கா பஞ்சம்?"

பஞ்சம்தான். அந்தக் காரை வடிவமைத்த மகராசன், எல்லாவற்றையும் பொருத்தி முடித்த பிறகு, ஐயையோ இதை மறந்துவிட்டோமே என்று சென்சாரை எஞ்சினின் முதுகுப்பக்கம் செருகியிருந்தான். எஞ்சினுக்கும் டேஷ்போர்டைத் தாங்கும் தகரச் சுவருக்கும் நடுவே, எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்களுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொந்து. குழாய்களைக் கழற்றினால் சுலபமாக எட்டும். ஆனால் அந்தப் போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன. ஸ்பேனரை வைத்ததும் தலை முறிந்துவிடும். முறிந்தால் எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். அந்த வயதுக் காருக்கு இப்போது மறுபடி பொருத்தும்போது இடையில் வைக்கிற கேஸ்கட்டும் எங்கேயும் கிடைப்பதில்லை. மிச்சம் இருக்கிற ஒரே வழி, ஒல்லியான ஒரு கை.

அவள் கை ஒல்லி. சின்ன வயதில் அக்காவின் தோடு பீரோவுக்குப் பின்னால் விழுந்தாலும், சீப்பு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கினாலும், "ஏய், வந்து கைய விடுடி" என்று இவளைத்தான் கூப்பிடுவார்கள். இப்போதும் அப்படியேதான். அவள் ஷெட்டுக்கும் டயர் கடைக்கும் நடுவே, தெருவைப் பார்த்தபடி ஒரு சுவர் இடுக்கு இருக்கிறது. ஒரு கை போகிற அகலம்தான், அதுவும் அவளுடைய கை. போன மழையில் டயர் கடைக்காரர் சாவிக்கொத்தை அதில் போட்டுவிட்டு, குச்சியும் காந்தமும் விட்டுப் பார்த்துத் தோற்று, கடைசியில் இவளிடம் வந்து பல்லைக் காட்டினார்.

"யாருக்கும் தெரிய வேணாம்," என்றார் அத்தான், குரலைத் தாழ்த்தி. "டீச்சர் சாயங்காலம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து வண்டிய எடுத்துக்குவாங்க. நான் பண்ணதாவே இருக்கட்டும். நீ கை வச்சேன்னு தெரிஞ்சா அவங்க வண்டியத் தொடக்கூட மாட்டாங்க. உனக்கே தெரியுமே."

வாய் கூசாமல் சொன்னார். உனக்கே தெரியுமே! அவளுக்குத் தெரியும்தான். ராத்திரி பகல் என்று பாராமல் நினைத்து நினைத்துத் தேய்த்துவைத்த விஷயம் அல்லவா.

சில வருஷங்களுக்கு முன்பு அவள் அத்தானுடைய ஒர்க்‌ஷாப்பில்தான் வேலை பார்த்தாள். இதே காருக்கு இதே சென்சாரை அவள்தான் மாற்றினாள். சென்சாரைத் திருகி இறுக்கி, வயர் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் கப்ளரை அதன் தலையில் செருகினால் "டிக்" என்று ஒரு சத்தம் வரும். லாக் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டது. அதற்கு மேல் அவளுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. அக்கா பாதி தீர்ந்துபோன சிவப்பு நகப்பூச்சு பாட்டில் ஒன்றைக் கொடுத்திருந்தாள். வேலை முடிந்ததும் பொருத்திய இரண்டு பாகங்களுக்கும் சேர்த்துக் குறுக்கே அதில் ஒரு கோடு இழுத்துவிடுவாள். பின்னால் எது நகர்ந்தாலும், எது கழன்றாலும் கோடு இரண்டாகிக் காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கும் விரல் நுனியில் பூச்சைத் தொட்டு, தடவிப் பார்த்தே கோடு போட்டாள்.

மறுநாள் டீச்சர் ஊருக்கு வெளியே போகும்போது எஞ்சின் கொதித்தது. அந்தக் காரில் முள்ளுக்கும் ரேடியேட்டர் விசிறிக்கும் சேதி சொல்வது அந்த ஒரே சென்சார்தான். கப்ளர் கழன்று கிடந்ததால் விசிறி சுற்றவில்லை, முள்ளும் சமர்த்தாகப் படுத்தே கிடந்தது. ஆவி வருவதைப் பார்த்துப் பதறிய டீச்சர் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். கொதிக்கிற தண்ணீர் பீறிட்டு வலது உள்ளங்கை வெந்துபோனது.

அத்தான் ஒர்க்‌ஷாப் நடுவில், எல்லோரும் பார்க்க, டீச்சரிடம் சொன்னார். "என் கொழுந்தியாதான் கப்ளரச் சரியா மாட்டல. அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே?" டிக் சத்தம் கேட்டது, கோடுகூடப் போட்டேன் என்று அவள் கத்தினாள். "முகம் பார்க்கிற கண்ணாடிய உள்ள விட்டுப் பார்த்துட்டேன். கோடும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் அவர். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அவளை வெளியே அனுப்பினார்கள். அன்றைக்கே பெயரும் வந்தது.

பழியைக்கூடத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு ஒன்று. நாளாக நாளாக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. டிக் சத்தம் நிஜமாகவே கேட்டதா? கோடு போட்டது அந்தக் காரிலா, அதற்கு முந்தின காரிலா? டீச்சர் தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம், ஒருவேளை நான்தானோ என்று நெஞ்சு குறுகுறுக்கும். அப்படிக் குறுகுறுக்க வைத்ததற்காகவே அவள் அத்தானைக் கருவிக்கொண்டிருந்தாள்.

"சரி அத்தான். யாருக்கும் தெரிய வேணாம்," என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. முகம் மலர்ந்தது. "நம்ம வீட்டுப் பொண்ணு!" என்று சொல்லிவிட்டு, அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள்மேல் உட்கார்ந்தார்.

"எஞ்சின் சூடா இருக்கு. ஆறட்டும்," என்றாள். எஞ்சின் ஆறுகிற நேரத்தில் அவள் ஆறவில்லை. பேட்டரி வயரைக் கழற்றினாள். ரேடியேட்டர் தண்ணீரைப் பேசினில் வடித்தாள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். கைகள் பாட்டுக்கு வேலை செய்ய, மனசு பாட்டுக்குக் கணக்குப் போட்டது.

என்ன அழகான கணக்கு! புது சென்சாரை மாட்டி, கப்ளரை லாக் விழாமல் சும்மா மேலே உட்கார வைத்துவிட்டால் போதும். முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். முள் படுத்துக்கொள்ளும், விசிறி நின்றுவிடும், நடுரோட்டில் எஞ்சின் கொதிக்கும். யார் செய்த வேலை? கம்பி செய்த வேலை. அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளப்போகிறார், நான்தான் செய்தேன் என்று. அவள் கை வைத்ததை அவர் வாயாலேயே மறைத்துவிடுவார். எந்தப் பழியை அவள்மேல் போட்டாரோ அதே பழி, அச்சு அசலாக, அவர் வீட்டு வாசலில் போய் இறங்கும். டீச்சரின் இன்னொரு கையும் வேகுமோ என்று ஒரு கணம் தோன்றியது. வெந்தால் வேகட்டும், என்னைப் பார்த்து எதிர்ப்பக்கம் போனவர்தானே என்று மனசு பதில் சொன்னது. அந்தப் பதிலைக் கேட்டு அவளுக்கே கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் கணக்கை அழிக்கவில்லை.

எஞ்சின் தொடுகிற சூட்டுக்கு வந்தது. மோதிரத்தைக் கழற்றி வைத்தாள். முழங்கை வரை சோப்பைக் குழைத்துப் பூசிக்கொண்டாள். சாக்கை மடித்துக் காரின் விளிம்பில் போட்டு, அதன்மேல் குப்புறக் கவிழ்ந்து, வலது கையை எஞ்சினுக்குப் பின்னால் விட்டாள்.

அங்கே கண்ணுக்கு வேலை இல்லை. விரல்தான் பார்க்க வேண்டும். ரப்பர் குழாயைத் தொட்டு, அதன் வளைவோடு கீழே இறங்கி, தகர மடிப்பு ஒன்று தோலைச் சுரண்டுகிற இடத்தில் மணிக்கட்டைத் திருப்பினால் பொந்து வரும். வந்தது. கப்ளரின் வயர் தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு போன விரல், இருக்கக்கூடாத ஒன்றின்மேல் இடித்தது.

கம்பி.

வயரையும் சென்சாரையும் சேர்த்துக் கட்டி முறுக்கிய கம்பி. விரலால் முறுக்கு வழியே போனாள். முறுக்கின் முடிவில், வால் சின்ன வளையமாகச் சுருண்டிருந்தது.

அவள் அசையவில்லை. தலையை மட்டும் திருப்பி அத்தானைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். காதோரத்தில் அதே முறுக்கு, அதே வளையம். ஊரில் இருக்கிற எல்லாவற்றையும் கம்பியால் கட்டிக்கொண்டே திரிகிறவருக்கு, இங்கே ஒன்று கட்டியது எப்படி ஞாபகம் இருக்கும்? பழியைச் சுமந்தவள்தானே மறக்கவில்லை.

"என்னம்மா, எட்டுதா?"

"எட்டுது அத்தான். நல்லாவே எட்டுது."

கம்பியைப் பிரித்தாள். கப்ளரைத் தொட்டதுமே கையோடு வந்துவிட்டது. லாக் இருக்க வேண்டிய இடத்தில் ஒடிந்த முனைதான் இருந்தது. குட்டை ஸ்பேனரை உள்ளே விட்டு, இம்மி இம்மியாகத் திருகி சென்சாரைக் கழற்றினாள். கப்ளருக்குப் பின்னால் இருந்த வயரைத் தடவிக் கண்டுபிடித்து நறுக்கினாள். கம்பி, கப்ளர், சென்சார் மூன்றையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கையை வெளியே எடுத்தபோது முழங்கையில் தோல் வழண்டிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

அத்தானுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். சென்சாரின் தலையில், கறுப்பு அழுக்குக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புத் துண்டு எழுந்து வந்தது. கப்ளரின் விளிம்பிலும் ஒரு சிவப்புத் துண்டு. இரண்டையும் பொருத்திப் பார்த்தாள். கோடு சேர்ந்தது. ஒரே இழுப்பில் போட்ட கோடு, பிசகில்லாமல் சேர்ந்தது.

டிக் கேட்டிருக்கிறது. கோடு போட்டிருக்கிறாள். அவள் மாட்டிய பிறகு யாரோ பிடுங்கியிருக்கிறார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷம் தன்னைத் தானே சந்தேகப்பட்ட அத்தனை ராத்திரிகளும் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. அத்தானை விட அந்த ராத்திரிகள்மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு நிதானமாக அத்தான்மேல் திரும்பியது. சற்றுமுன் போட்ட கணக்கு இப்போது சப்பென்று இருந்தது. நியாயம் தர்மம் என்று எதுவும் அவளைத் தடுத்துவிடவில்லை. அதைவிட ருசியான பழி கையில் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

புது சென்சாரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். செல்போனை எடுத்தாள்.

"அக்கா? நான்தான். டீச்சர் வந்தாங்கன்னா... வந்துட்டாங்களா? நல்லதாப் போச்சு. அவங்களைக் கூட்டிக்கிட்டு என் ஷெட்டுக்கு வா. கார் இங்கதான் இருக்கு. ஆமா, உன் வீட்டுக்காரரும் இங்கதான்."

செய்தித்தாள் கீழே விழுந்தது. "ஏய், என்ன பண்ற? யாருக்கும் சொல்ல மாட்டேன்னியே!"

அவள் திரும்பி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அத்தான் பார்த்தார். முதலில் புரியவில்லை. பிறகு கம்பியின் வால் வளையத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. கை தானாகக் காதோரம் போய்க் கண்ணாடிக் காலைத் தொட்டது.

"வண்டிய எடுத்துட்டுக் கிளம்புங்களேன்," என்றாள் அவள்.

எங்கே கிளம்ப? எஞ்சின் முதுகில் ஓட்டை. தண்ணீர் முழுக்கப் பேசினில். ஓட்டையை மூட வேண்டிய சென்சார் அவள் சட்டைப் பையில். கம்பி நீட்டுவதில் கெட்டிக்காரரான மனிதருக்கு இப்போது வழியே இல்லை.

"அன்னைக்கு நீ வீட்டுக்குப் போனப்புறம், சரியா மாட்டியிருக்கியான்னு ஒரு தடவை பார்த்தேன்," என்றார், வாசலைப் பார்த்துக்கொண்டே, அவசர அவசரமாக. "கை போகல. அடியில படுத்து நீளமூக்கு பிளையர்ல ஒரு இழு இழுத்தேன். லாக் ஒடிஞ்சிடுச்சு. திரும்பச் சொருகி வச்சேன். நிக்கும்னுதான் நினைச்சேன். சத்தியமா நிக்கும்னுதான் நினைச்சேன்."

"கம்பி?"

"வண்டி திரும்பி வந்தப்புறம்... பிளையராலயே முறுக்கிவிட்டேன்."

"அப்போ கண்ணாடி விட்டுப் பார்த்தேன், கோடே இல்லேன்னது?"

"டீச்சருக்குக் கை வெந்துபோச்சு. நான்தான்னு சொல்லியிருந்தா ஒர்க்‌ஷாப்ப இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான். உங்க அக்காவும்தான் தெருவுக்கு வந்திருப்பா. நீ வீட்டுப் பொண்ணு. உன்ன யாரு என்ன பண்ணிடப் போறாங்கன்னு..."

வீட்டுப் பொண்ணு. வந்ததும் அதைத்தான் சொன்னார், இப்போதும் அதைத்தான் சொல்கிறார். வீட்டுக் கால்மிதி என்று சொன்னாலும் அர்த்தம் அதேதான்.

"அவங்க வந்ததும் நீங்களே சொல்லுங்க. உங்க வாயால. அது வரைக்கும் ஓட்டை அப்படியேதான் இருக்கும்."

தெருமுனையிலிருந்து நடந்துவர எவ்வளவு நேரம் ஆகும்? அக்கா முன்னால் வந்தாள், டீச்சர் பின்னால் குடையோடு வந்தார். கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர். குடையை இடது கையில் பிடித்திருந்தார். வலது உள்ளங்கையில் தோல் இறுகிப் பளபளத்தது, விரல்கள் முழுசாக விரியாது.

ஷெட்டுக்குள் காரைப் பார்த்ததும் டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இவகிட்டயா என் வண்டிய விட்டீங்க?" என்றார் அத்தானிடம்.

"அது ஒண்ணும் இல்ல டீச்சர்," என்று அத்தான் அசடு வழிந்தார். "அந்த இடத்துக்கு இவ கைதான்... அதுல பாருங்க, அன்னைக்கு ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. யாரால நடந்துச்சுன்னு இப்போ சொல்ல முடியாது. பழைய வண்டி..."

பூசி மெழுகுகிறார்! பூசட்டும் என்று அவள் கொஞ்ச நேரம் விட்டாள். பிறகு வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக் காரின் விளிம்பில் விரித்தாள். சென்சாரை வைத்தாள், கப்ளரை வைத்தாள், கம்பியை வைத்தாள்.

"நீங்களே பாருங்க டீச்சர்."

டீச்சர் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு அருகில் வந்தார். கப்ளரை எடுத்துத் திருப்பினார், சென்சாரை எடுத்தார். யாரும் சொல்லாமலே ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்தினார். சிவப்புக் கோடு சேர்ந்தது.

"இது ரெண்டும் சேர்ந்து இருந்தப்போ போட்ட கோடு."

"ஆமா டீச்சர்."

"சரியா மாட்டாம இருந்தா?"

"இப்படிச் சேராது. நடுவுல விட்டுப்போயிருக்கும்."

"யார் போட்டது?"

"நான்தான். வேலை முடிஞ்சதும் போடுவேன்."

"அது என்னோட நகப்பூச்சு," என்றாள் அக்கா. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சிவப்புக் கோட்டைப் பார்க்கவில்லை. கம்பியின் வால் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து மெல்லக் கண்ணை உயர்த்திப் புருஷனுடைய கண்ணாடிக் காலைப் பார்த்தாள். "நீங்க கண்ணாடி விட்டுப் பார்த்தேன்னீங்களே. கோடே இல்லேன்னு சொன்னீங்களே."

பக்கத்து டயர் கடையில் காற்றடிக்கிற மெஷின் சத்தம் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. நல்லது, தீட்டட்டும்.

"சொல்லுங்க அத்தான்," என்றாள்.

"நான்தான்," என்றார்.

"டயர் கடைக்குக் கேட்கல."

அவர் ஒரு முறை அக்காவைப் பார்த்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, காப்பாற்றவும் இல்லை. "நான்தான் டீச்சர் இழுத்து ஒடிச்சேன். அவ சரியாத்தான் மாட்டியிருந்தா. ஒடிச்சதும் நான், சொல்லாம மறைச்சதும் நான், அவமேல பழியப் போட்டதும் நான்தான்." குரல் கடைசியில் உடைந்தது. அது வருத்தமா, மாட்டிக்கொண்ட பயமா என்று அவள் யோசிக்கவில்லை. உடைந்தது, அது போதும்.

டீச்சர் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அவளிடம், "நான் உன்னைப் பார்த்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவேன்," என்றார்.

"தெரியும் டீச்சர்."

"இனிமே இவரப் பார்த்தா அந்தப் பக்கம் போறேன். வண்டிய முடிச்சுக் குடும்மா."

அவள் சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றினாள். தன் பெட்டியிலிருந்து லாக் நன்றாக இருந்த வேறொரு கப்ளரை எடுத்தாள். நறுக்கிய வயரின் நுனியை மேலே இழுத்து, கப்ளரின் வயரோடு சேர்த்துக் கட்டி, டேப் சுற்றி, மறுபடி கீழே விட்டாள். சாக்கின்மேல் கவிழ்ந்து சென்சாரைத் திருகி இறுக்கினாள். கப்ளரைச் செருகுவதற்கு முன் நிறுத்தினாள்.

"அத்தான், இங்க வாங்க. காதைக் கொடுங்க."

"எதுக்கும்மா..."

"வாங்கன்னு சொல்றேன்ல."

அவர் வந்தார். தொந்தி இடிக்கக் குனிந்து, எஞ்சின்மேல் தலையைச் சாய்த்து, கிரீஸ் வாடைக்குள் காதைக் கொண்டுபோனார். அவள் அழுத்தினாள். டிக்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அன்னைக்கும் இதேதான் கேட்டுச்சு."

நகப்பூச்சு பாட்டிலின் மூடி இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத் திறந்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கோடு இழுத்தாள். தண்ணீரை ஊற்றி, பேட்டரியை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டாள். நாலு பேரும் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முள் படுக்கையிலிருந்து எழுந்தது, மெதுவாக ஏறியது, நடுவைத் தாண்டியது. விசிறி கிர்ரென்று சுற்றத் தொடங்கியது. முள் இறங்கி நடுவில் நின்றது. டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டு, அத்தான் பக்கம் திரும்பாமலே காரை எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா அவள் கையைப் பிடித்தாள், வழண்ட தோலுக்கு மேலே, பார்த்துப் பிடித்தாள். "ஒர்க்‌ஷாப்புக்கே வந்துடுடி."

"அன்னைக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்க்கா."

அக்கா கையை விட்டாள். குடை இல்லாமல், வெயிலில், புருஷனுக்குக் காத்திருக்காமல் நடந்தாள்.

அத்தான் மட்டும் நின்றார். இனிமேல் பின்பக்கச் சந்து அவருக்குப் பிரயோஜனம் இல்லை. "எதையும் மனசுல வச்சுக்காதேம்மா," என்றார்.

"மனசுல எதுக்கு வைக்கணும் அத்தான்? வெளியிலயே வைக்கிறேன்."

ஒடிந்த கப்ளரையும் பழைய சென்சாரையும் கோடு சேரும்படி பொருத்தி, அவருடைய கம்பியாலேயே கட்டினாள். வாலை அவர் சுருட்டுகிற மாதிரியே வளையமாகச் சுருட்டினாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தன் ஷெட்டுக்கும் டயர் கடைக்கும் நடுவே இருந்த சுவர் இடுக்கில் தோள் வரை கையை விட்டு, உள்ளே துருத்திக்கொண்டிருந்த ஓர் ஆணியில் அதை மாட்டினாள். தெருவில் போகிறவர்கள் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. சாயங்கால வெயில் சரியாக அதன்மேல் விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் பெயர் மாறிவிடவில்லை. தெரு அவ்வளவு சீக்கிரம் திருந்துமா? இப்போதும் கொதிப்புதான், ஆனால் இப்போது கொஞ்சம் பயத்தோடு சொல்கிறார்கள். இடுக்கைப் பார்த்துவிட்டு "அது என்னக்கா?" என்று கேட்கிறவர்களிடம், "தெருமுனை ஒர்க்‌ஷாப்ல கேளுங்க," என்கிறாள். போய்க் கேட்கிறார்கள். அத்தான் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறாராம்.

ஒருநாள் காலையில் அவரே வந்தார், தெருவழியாக. கையில் நீளமூக்கு பிளையர். இடுக்குக்குள் விட்டார், எட்டவில்லை. கையை விட்டார், கட்டைவிரலின் அடியிலேயே சிக்கியது. தோளை ஒருக்களித்துப் பார்த்தார். பிளையரின் நுனியில் கம்பி வளையத்தைக் கட்டி நீட்டிப் பார்த்தார். டயர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

அவள் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தாள். அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. செருப்பின் வாரில்கூடச் செம்புக் கம்பி.

"கை போனா எடுத்துக்கோங்க அத்தான்," என்றாள்.